மருந்து வேதியர் காஜா அப்துல் ஹமீது

தளவாய்புரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் பெண்டிர்க்கான ஆயத்த ஆடைகளைத் தைத்து நாடெங்கும் அனுப்புகின்றன. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரமோ புண்கட்டும் துணியை நெய்வதில் பெயர் பெற்றது. இரண்டும் துணித்தொழிலே எனினும் இவற்றிடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. ஆடையின் சாயம் சற்று மங்கினால் வாங்கியவர் முகம் சுளிப்பார், அவ்வளவே. புண்மீது இடும் துணி குருதியை உறிஞ்சத் தவறினால் நோயாளிக்கு ஊறு நேரும். பருத்தி இழைமீது இயற்கையாகவே படிந்திருக்கும் மெழுகும் கொழுப்பும் நீரை ஒட்டவிடா. காரநீரில் வேகவைத்து, வெளுத்து, நன்கு அலசிய பின்னரே அது உறிஞ்சும் துணியாகிறது. நீரின்மேல் இட்ட துணி குறித்த சில நொடிகளுக்குள் மூழ்கவேண்டும் என்பது அதற்குரிய சோதனைகளுள் ஒன்று.

பத்துத் தறி வைத்திருப்பவர் இத்தகைய சோதனைகளுக்கெல்லாம் தம் செலவில் ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக்கொள்ள முடியுமா? முடியாது. அதற்காகவே பொதுப் பணத்தில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் தோன்றின. கோவையில் 1956ஆம் ஆண்டு ஆலைகளின் பங்களிப்போடும் அரசின் உதவியோடும் அமைந்த தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் அவற்றுள் ஒன்று. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, மருத்துவப் பணியாளர் அணியும் கவச உடையின் துணி வழியே குருதி ஊடுருவுமா என்பதைச் செயற்கைக் குருதியைக் கொண்டு சோதித்துச் சான்றளிக்கும் பணியைத் தொடக்கத்திலேயே மேற்கொண்டது அக்கழகந்தான். அதுவரை சட்டையும் பனியனும் தைத்துவந்த சிறு தையற்கூடங்கள் பல, கவச உடை தைக்க முன்வந்து தம் துணியை அங்கே அனுப்பின. சிறு தொழில், உயிர் காக்கும் பொருள், அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி ஆகிய மூன்றும் ஒரே முடிச்சில் சேர்வதை நம் கண்முன்னே கண்டோம்.

இம்முடிச்சை இந்திய நாட்டில் முதன்முதலில் போட முயன்றோருள் ஒருவர் டாக்டர் காஜா அப்துல் ஹமீது அவர்கள். மூத்தோர் பலர்க்குச் சிப்லா என்பது மாத்திரை அட்டையின் பின்புறத்தில் கண்ட பெயர். அப்பெயருக்குப் பின்னால் அலிகாரில் பிறந்து பெர்லினில் கற்ற ஒரு வேதியியல் அறிஞர் இருந்தார் என்பதையும், நாடு முழுவதும் பரவிய அரசு ஆய்வுக்கூடங்களின் தோற்றத்தில் அவருக்குப் பங்குண்டு என்பதையும் நம் மாணவர் அறிந்திருப்பது நன்று எனக் கருதியே அன்னாரின் வாழ்வை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஹமீது அவர்கள் 1898ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் அலிகாரில் பிறந்தார். தந்தையார் காஜா அப்துல் அலி. தாயார் மசூத் ஜஹான் பேகம். தந்தையாரின் சிறிய தந்தை வழியினரான காஜா முகம்மது யூசுப் அலிகாரின் முன்னணி வழக்குரைஞர். சர் சையது அகமது கான் முகம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரியை நிறுவியபோது அவருக்குத் தோள் கொடுத்தவர். அக்கல்லூரியின் எதிர்ப்பாளர் பலர் அறிவியலையும் ஆங்கிலத்தையும் சமயத்திற்குப் பகை என்று அஞ்சிய காலம் அது. அந்த வாதங்களுக்கு நடுவே நின்று முடிவெடுத்த ஒரு குடும்பத்தில் பிறந்த பிள்ளை வேதியியல் கற்க விரும்பியதில் வியப்பில்லை. ஹமீது அலகாபாத்தில் வேதியியல் பயின்றார்.

1920ஆம் ஆண்டு ஒத்துழையாமை இயக்கம் எழுந்தது. அரசுக் கல்வி நிலையங்களைத் துறக்குமாறு காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அழைத்தபோது ஆயிரக்கணக்கான மாணவர் வகுப்பறையை விட்டு வெளியேறினர். ஹமீதும் அவ்வியக்கத்தில் ஈடுபட்டார். அதே ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் அலிகாரிலேயே தேசியக் கல்வி நிலையமாக ஜாமியா மில்லியா இஸ்லாமியா தோன்றியது. அங்கு ஹமீது வேதியியல் கற்பித்தார். பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் ஜாகிர் உசேன் அவர்களும் அங்கே அவருடன் இருந்தார். இருவர் நட்பும் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. கூடாரங்களில் தொடங்கிய ஒரு கல்வி நிலையத்தில் வேதியியல் கற்பிப்பது எத்துணைக் கடினம் என்பதை ஆய்வுக்கூடத்துக்குக் குடுவை வாங்க விண்ணப்பம் எழுதி அலுத்த நம் பேராசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மேற்படிப்பு நாடி 1924ஆம் ஆண்டு ஹமீது ஐரோப்பா சென்றார். அந்நாளில் வெளிநாட்டுக் கல்வி என்றாலே இலண்டன் என்றிருக்க, அவர் தேர்ந்தது ஜெர்மனியை. வேதியியலில் அந்நாடே உலகுக்குத் தலைமை தாங்கியது. சாயம், உரம், மருந்து என மூன்று துறைகளிலும் ஜெர்மானிய ஆய்வுக்கூடமும் ஜெர்மானியத் தொழிற்சாலையும் கைகோத்து நடந்தன. பல்கலைக்கழகத்தில் காலையில் கண்டறிந்தது மாலையில் தொழிற்சாலையை எட்டிவிடும் என்று சொல்லத்தக்க நெருக்கம் அவற்றிடையே இருந்தது. பெர்லினின் டாலெம் பகுதியில் 1911ஆம் ஆண்டிற்குப் பின் எழுந்த கெய்சர் வில்ஹெல்ம் ஆய்வு நிலையங்கள், அரசும் தொழிலதிபர்களும் கூடிப் பேணியவை. ஹமீது பெர்லின் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். பட்டத்தைவிட, ஆய்வும் தொழிலும் இவ்வாறு ஒரே கூரையின்கீழ் வாழ இயலும் என்று நேரிற் கண்டதே அவர் கொண்டுவந்த பெருஞ்செல்வம் என்பது நம் கருத்து.

பெர்லினில்தான் அவர் தம் வாழ்க்கைத் துணைவியாரையும் கண்டார். லூபா தெர்ச்சான்ஸ்கா என்னும் அப்பெண்மணி லித்துவேனியாவின் வில்னியஸ் பகுதியைச் சேர்ந்த யூதக் குடும்பத்தினர். இருவரும் 1928ஆம் ஆண்டு மணம் புரிந்துகொண்டனர். ஐந்தாண்டுகளில் ஜெர்மனி இட்லரின் கைக்குப் போயிற்று. இவர்களின் மூத்த மகன் யூசுப் 1936ஆம் ஆண்டு வில்னியசில் பிறந்தார். ஒரு சில ஆண்டுகளில் மூண்ட போரில் அந்நகரின் யூத சமுதாயம் ஏறத்தாழ முற்றிலும் அழிந்தது. மதம் வேறாயினும் மனம் ஒன்றிய அக்குடும்பம் பம்பாயில் வேரூன்றிவிட்டிருந்தது.

நாடு திரும்பிய ஹமீது உடனே தொழிலதிபராகிவிடவில்லை. அக்காலத்து மருந்துச் சந்தையின் நிலையை நாம் சிறிது நினைத்துப் பார்க்கவேண்டும். மருத்துவர் எழுதித் தரும் நவீன மருந்துகளுள் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தவை. அவற்றின் தரத்தைச் சோதிக்க ஒழுங்கான சட்டமும் இல்லை. கர்னல் இராம்நாத் சோப்ரா தலைமையில் 1930ஆம் ஆண்டு அமைந்த குழு, போலி மருந்துகளும் வீரியம் குன்றிய மருந்துகளும் சந்தையில் மலிந்திருப்பதைக் கண்டு சட்டம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அச்சட்டம் 1940ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. அந்நியர் மருந்தே நல்ல மருந்து என்ற எண்ணம் மருத்துவர் மனத்தில் ஊறியிருந்தது. இந்தியர் ஒருவர் மருந்து செய்தால் அது சீமைச் சரக்குக்கு ஈடாகுமா என்று கேட்டவர்களுள் படித்த இந்தியரே மிகுதி.

இத்தகைய சூழலில் 1935ஆம் ஆண்டு பம்பாயில் வேதியியல், தொழிலக, மருந்தியல் ஆய்வுக்கூடங்கள் எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஹமீது ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். அப்பெயரின் முதலெழுத்துகளே சிப்லா. பெயரில் தொழிற்சாலை என்ற சொல் இல்லாமல் ஆய்வுக்கூடம் என்ற சொல் இருப்பதை மாணவர் கவனிக்கவேண்டும். தொடக்க மூலதனம் இரண்டு இலட்சம் ரூபாய். தாம் உருவாக்கிய மருந்துகளின் செய்முறை உரிமைகளை உரிமைத்தொகை ஏதும் பெறாமல் நிறுவனத்திற்கே அவர் அளித்துவிட்டார். பம்பாய் சென்ட்ரல் பகுதியில் பெல்லாசிஸ் சாலையில் சில அறைகளே கொண்ட ஒரு சிறு பங்களாவை மாதம் 350 ரூபாய் வாடகைக்கு எடுத்தனர். முதல் மருந்துகள் 1937ஆம் ஆண்டு செப்டம்பரில் சந்தைக்கு வந்தன. பதிவு செய்த நாள் தொட்டு இரண்டாண்டுகளுக்கு மேல் விற்க ஒரு பொருளும் இல்லை! பலசரக்கு வணிகத்திலே பழகிய நம் பெரியவர்கள் இதனைக் கேட்டால் திகைப்பார்கள். மருந்துத் தொழிலில் இக்காத்திருப்பு தவிர்க்க முடியாதது. கையிலுள்ள முதல் சோதனையிலேயே கரைந்துவிடும். ஆராய்ச்சிக்கு எங்கிருந்து பணம் வரும் என்னும் கேள்வி ஹமீதின் உள்ளத்தில் ஏட்டறிவால் எழுந்ததாக நாம் நினைக்கவில்லை. அவ்விரண்டாண்டுகள் அதனை அவருக்குக் கற்பித்திருக்கும்.

1939ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் காந்தியடிகள் அந்நிறுவனத்தைப் பார்வையிட்டு, இந்திய முயற்சி ஒன்றைக் கண்டதில் தமக்குண்டான மகிழ்ச்சியை எழுதித் தந்தார். எந்திரங்களையும் மேனாட்டு மருந்துகளையும் பற்றி அடிகளாருக்கிருந்த ஐயங்கள் நாடறிந்தவை. அவர் ஒரு மருந்துச் சாலையின் படியேறியது அந்நாளில் சிறு செய்தியன்று.

இரண்டு மாதங்களில் உலகப்போர் மூண்டது. ஜெர்மானிய மருந்துகள் வருவது நின்றது. ஏனைய நாட்டுக் கப்பல்களும் அரிதாயின. 1942ஆம் ஆண்டு சாவகத்தீவு சப்பானியர் வசமானபோது உலகின் கொய்னா மருந்துக்கு மூலமான சின்கோனாப் பட்டையின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. மலைக்காய்ச்சலால் மக்கள் மடிந்துகொண்டிருந்த நாட்டுக்கு இது பேரிடி. நீலகிரியிலும் டார்ஜிலிங் மலையிலும் இருந்த அரசுச் சின்கோனாத் தோட்டங்களை நம்பியே அந்நாளில் இந்தியா காய்ச்சலோடு போராடிற்று. போர்க்காலத் தேவைக்காக நுண்வேதிப் பொருள்களையும் மருந்துகளையும் செய்யும் பணிக்குச் சிப்லா தன் வசதிகளையெல்லாம் ஒதுக்கியது.

இனி நம் கட்டுரையின் உயிரான பகுதிக்கு வருவோம்.

போர் அரசாங்கத்தை ஒரு உண்மையை ஒப்புக்கொள்ளச் செய்தது: இந்தியாவில் தொழில் உண்டு, பல்கலைக்கழகங்கள் உண்டு, இவற்றை இணைக்கும் பாலம் இல்லை. வைசிராயின் நிர்வாக சபையில் வணிகத் துறையை ஏற்றிருந்தவர் நம் சர் ஆற்காடு இராமசாமி முதலியார். நெடுங்காலம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த மருத்துவ மேதை இலட்சுமணசுவாமி முதலியாரின் இரட்டைப் பிறவியான சகோதரர் இவர். இராமசாமி முதலியாரின் முயற்சியால் 1940ஆம் ஆண்டு ஏப்பிரலில் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு அமைந்தது. இலாகூரில் வேதியியல் பேராசிரியராயிருந்த டாக்டர் சாந்தி சொரூப் பட்நாகர் அதன் இயக்குநரானார். ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் நிதி. அது போதாமையால், மத்திய சட்டசபை 1941ஆம் ஆண்டு நவம்பரில் தொழிலக ஆராய்ச்சி நிதி ஒன்றை ஏற்படுத்தி, ஆண்டுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வீதம் ஐந்தாண்டுகளுக்கு வழங்க இசைந்தது. ஆய்வு முடிவுகள் ஏட்டிலேயே உறங்கிவிடாமல் தொழிற்சாலைக்குச் செல்லவேண்டும் என்பதற்காக ஒரு தனிக்குழுவும் அமைக்கப்பட்டது. அரசு ஆய்வைப் பயன்படுத்தி இலாபம் பெறும் தொழிலதிபர் உரிமைத்தொகை செலுத்தவேண்டும், அத்தொகை மேலும் ஆய்வுக்கே செல்லவேண்டும் என்று விதித்தனர்.

இவ்வேளையில் டாக்டர் ஹமீது தொழிலக ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றிற்கான திட்ட வரைவை அரசிடம் அளித்தார். அவ்வரைவு ஏற்கப்பட்டது, 1942ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் தன்னாட்சி பெற்ற அமைப்பாகத் தோன்றியது. சி.எஸ்.ஐ.ஆர். என நாம் சுருங்க வழங்குவது இதனையே. ஹமீது அதன் ஆட்சிக்குழுவில் நெடுங்காலம் உறுப்பினராயிருந்தார். இம்மன்றம் ஹமீது ஒருவரால் பிறந்தது என்று சமுதாயப் பற்றினால் சிலர் சொல்வதுண்டு. பட்நாகரின் உழைப்பையும் முதலியாரின் ஆட்சித் திறனையும் மறைத்து அப்படிச் சொல்வது முறையன்று; ஹமீதின் பெயரையே விட்டுவிட்டு எழுதப்படும் வரலாறுகளும் அதே அளவு முறையற்றவை. பட்நாகர் பல்கலைக்கழகத்தின் ஆசையைக் கொணர்ந்தார், முதலியார் கருவூலத்தின் திறவுகோலைக் கொணர்ந்தார், ஹமீதோ இரண்டு இலட்சம் ரூபாயில் மருந்து செய்ய முயன்று ஆய்வுச் செலவால் அல்லற்பட்ட சிறு தொழிலரின் தேவையைக் கொணர்ந்தார் என்பதே நாம் காணும் உண்மை. மூன்றாவது குரல் இல்லாவிட்டால் மன்றம் இன்னொரு பல்கலைக்கழகமாக முடிந்திருக்கக்கூடும். அம்மன்றம் பிற்காலத்தில் தொழிலைவிடக் கட்டுரை எழுதுவதிலேயே நாட்டம் காட்டியது என்ற குறை அவ்வப்போது எழுந்ததையும், அதில் ஓரளவு நியாயம் இருந்ததையும் நோக்க, ஹமீது போன்றோர் ஆட்சிக்குழுவில் இருந்தது எவ்வளவு தேவையானது என்பது விளங்கும்.

விடுதலைக்குப் பின் பண்டித நேருவின் ஆதரவில் ஆய்வு நிலையங்கள் வரிசையாக எழுந்தன. பூனாவில் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடம் 1950ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பட்டது. தமிழகத்திற்கும் பங்கு வந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்ததன் பயனாகக் காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைந்து 1953ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் திறக்கப்பட்டது. அந்நாள் பொங்கல் நாள். சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திற்கு 1948ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலில் நம் சமுதாயத்தார் பலர் ஈடுபட்டிருப்பதும், அத்தொழிலின் வருவாயில் பல கல்வி நிலையங்கள் வளர்ந்ததும் யாவரும் அறிந்ததே. தோல் பதனிடும் சிறு தொழிலர்க்கு அந்நிலையம் செய்முறையும் கற்பித்தது. கழிவுநீரைத் தூய்மை செய்யும் வழியும் கூறியது. மாட்டுத்தோலிலுள்ள கொலாசன் என்னும் புரதத்திலிருந்து தீப்புண்ணை மூடும் மெல்லிய படலத்தை அங்குள்ள அறிஞர்கள் உருவாக்கினர். தோல் பதனிடும் கூடத்தில் பிறந்த அறிவு தீக்காயப் பிரிவில் கிடக்கும் நோயாளிக்குப் பயன்பட்டது. ஆய்வுப் பணம் எங்குச் செலவிடப்பட்டு எங்கு விளையும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது என்பதற்கு இதனைவிட நல்ல சான்று நமக்குத் தெரியவில்லை.

ஹமீதின் அரசியல் வாழ்வையும் சிறிது கூறவேண்டும். 1937ஆம் ஆண்டு பம்பாய் மாகாண மேலவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1962ஆம் ஆண்டு வரை சட்டமன்றப் பணியில் இருந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகப் பேரவையிலும் பணியாற்றினார். பம்பாயின் செரீப் என்னும் சிறப்புப் பதவியும் அவரைத் தேடிவந்தது. நாட்டுப் பிரிவினையை அவர் ஏற்கவில்லை. 1947ஆம் ஆண்டு அவரை ஒத்த கல்வியும் செல்வமும் உடைய வடநாட்டு முஸ்லிம்கள் பலர் கராச்சிக்கும் இலாகூருக்கும் குடிபெயர்ந்தனர். புதிய நாட்டில் ஒரு மருந்துத் தொழிலதிபருக்கு வரவேற்பு எவ்வாறு இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று. ஹமீது பம்பாயிலேயே இருந்தார். அந்நாளில் வட இந்தியாவில் அத்தகைய முடிவை எடுத்த ஒரு முஸ்லிம் குடும்பத்தலைவர் இருபுறத்தாரின் ஐயத்திற்கும் ஆளாக நேர்ந்தது என்பதைத் தென்பாண்டி நாட்டில் அமைதியாய் வாழும் நாம் எளிதில் உணரமாட்டோம்.

தொழிலில் அவர் சந்தித்த பெருந்தடை 1911ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். வெள்ளையர் ஆட்சியில் இயற்றப்பட்ட அச்சட்டம் விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. மருந்துப் பொருளின்மீதே உரிமை பெற்ற அந்நிய நிறுவனம் பதினாறு ஆண்டுகள் அதனை வேறெவரும் செய்யாதபடி தடுக்கலாம். தானும் இங்கே செய்யாமல் இறக்குமதி மட்டும் செய்யலாம். மருந்து விலையை ஆராய்ந்த அமெரிக்கச் செனட் சபைக் குழு ஒன்று 1961ஆம் ஆண்டில், உலகிலேயே மருந்து விலை மிக உயர்ந்த நாடுகளுள் ஒன்றாக ஏழை இந்தியாவைச் சுட்டியது. நோயாளியின் வறுமைக்கும் மருந்தின் விலைக்கும் தொடர்பே இல்லாதிருந்த நிலை அது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த இராஜகோபால அய்யங்கார் இச்சட்டத்தை ஆராய்ந்து 1959ஆம் ஆண்டு விரிவான அறிக்கை அளித்தார். மருந்து, உணவு ஆகியவற்றில் செய்முறைக்கு மட்டுமே உரிமை வழங்கலாம், பொருளுக்கு உரிமை கூடாது என்பது அதன் சாரம். ஒரு மருந்தை வேறு வழியில் செய்யக் கற்ற இந்திய வேதியர் இனிக் குற்றவாளி ஆகமாட்டார்.

அறிக்கை சட்டமாவதற்குப் பதினோராண்டுகள் பிடித்தன. இடைப்பட்ட காலத்திலும் சிப்லா தேங்கி நிற்கவில்லை. 1952ஆம் ஆண்டு தனி ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கியது. 1960ஆம் ஆண்டு விக்ரோலியில் புதிய தொழிற்சாலை கண்டது. 1968ஆம் ஆண்டு ஆம்பிசிலின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை இந்நாட்டில் முதன்முதலாகச் செய்தது. கேம்பிரிட்ஜில் வேதியியல் கற்றுத் திரும்பிய மகன் யூசுப் ஹமீது தந்தையாருக்குத் துணைநின்றார். புதிய காப்புரிமைச் சட்டம் 1970ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1972ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் இரண்டு மாதமே டாக்டர் ஹமீது வாழ்ந்தார். அவ்வாண்டு சூன் 23ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். தம் வாழ்க்கை வரலாற்றை அவரே ஆங்கிலத்தில் எழுதிவைத்துள்ளார்.

பொதுவாக வாழ்க்கை வரலாறு மறைவோடு முடியும். ஹமீதின் வரலாற்றுக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு. அதனையும் எழுதாவிட்டால் மேலே சொன்னவை பாதியாகவே நிற்கும்.

1980களில் எய்ட்ஸ் நோய் உலகை அச்சுறுத்தியது. அதற்கு எதிராக முதலில் ஒப்புதல் பெற்ற மருந்து சிடோவுடின். 1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை செல்வந்தரையே மலைக்க வைத்தது. ஐதராபாத்தில் உள்ள இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிலையம், ஹமீதின் வரைவினால் தோன்றிய அதே மன்றத்தின் ஆய்வுக்கூடங்களுள் ஒன்று. அதன் இயக்குநர் ஏ. வி. இராமாராவ் தலைமையில் அறிஞர்கள் சிடோவுடினைச் செய்யும் முறையை உருவாக்கினர். அரசுப் பணத்தில் கண்ட அச்செய்முறையைச் சிப்லா பெற்று, 1993ஆம் ஆண்டு மருந்தாக வெளியிட்டது. மேனாட்டு விலையில் ஒரு சிறு பகுதியே அதன் விலை. எனினும் மருந்து விற்கவில்லை! அந்த விலையைக்கூட நம் நாட்டு நோயாளிகள் தர இயலவில்லை. அரசும் அப்பொழுது மருந்து வாங்கித் தர முன்வரவில்லை. நல்ல ஆய்வும் நல்ல தொழிலும் இருந்தும் வாங்குவார் இல்லையெனில் மருந்து நோயாளியின் வாய்க்குச் சென்று சேராது என்பதை இந்த எட்டாண்டுக் காலம் காட்டியது.

2001ஆம் ஆண்டு பிப்பிரவரியில் நிலைமை மாறியது. மூன்று மருந்துகள் அடங்கிய கூட்டுச் சிகிச்சையை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆளொன்றுக்கு ஆண்டிற்கு 350 டாலர் விலையில், அதாவது நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக அளிப்பதாக யூசுப் ஹமீது அறிவித்தார். மேனாடுகளில் அச்சிகிச்சைக்கு ஆண்டிற்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் ஆயிற்று. மூன்று மருந்துகளும் வெவ்வேறு அந்நிய நிறுவனங்களின் காப்புரிமைக்கு உட்பட்டவை. ஆதலால் மேனாடுகளில் அவற்றை ஒரே மாத்திரையாக்க எவராலும் இயலவில்லை. தந்தையார் மறைந்த ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் நிழலில் இந்தியாவில் அது இயன்றது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என அம்மாத்திரை ஆப்பிரிக்கக் கிராமங்களைச் சென்றடைந்தது. வணிக விளம்பரம் என்று இதனை ஏளனம் செய்தவர்களும் மேனாடுகளில் இருந்தனர். பிழைத்தவர்கள் இலட்சக்கணக்கானோர்.

உலக வணிக அமைப்பின் உடன்படிக்கைக்கு இணங்க, 2005ஆம் ஆண்டு சனவரி முதல்நாள் தொட்டு இந்தியாவில் மருந்துப் பொருள்களுக்கு மீண்டும் காப்புரிமை வந்தது. பிறர் மருந்தை வேறு வழியில் செய்யும் கலை இனிப் புதிய மருந்துகளுக்கு உதவாது. சிறு நிறுவனமும் புதியது காணவேண்டும் என்றாயிற்று. அதே 2005ஆம் ஆண்டில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, சிறு தொழில் நிறுவனங்களின் புத்தாக்க ஆய்வுக்கென ஒரு நிதித் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட திட்டம் அதற்கு முன்மாதிரி. பெரிய அரசு ஆய்வுக்கூடத்தை நாடிச் சிறு தொழிலர் வரவேண்டும் என்ற 1942ஆம் ஆண்டின் ஏற்பாடு சற்றுத் திரும்பி, சிறு தொழிலரின் சொந்த ஆய்வறைக்கே அரசுப் பணம் செல்லும் வழி பிறந்தது. கருத்து நிலையில் உள்ளதை மெய்ப்பிக்க முதற்கட்ட உதவி. அதனைப் பொருளாக்க இரண்டாம் கட்ட உதவி. இத்தகைய பணிகளை ஒருங்கே கவனிக்க 2012ஆம் ஆண்டு மார்ச்சில் உயிரித் தொழில்நுட்பத் தொழிலக ஆராய்ச்சி உதவி அமைப்பு என்னும் அரசு நிறுவனம் தோன்றியது. தொடக்க நிலை முயற்சிக்கு ஐம்பது இலட்சம் ரூபாய் வரை பதினெட்டு மாத காலத்திற்கு அது வழங்கலாயிற்று. பெல்லாசிஸ் சாலைப் பங்களாவில் ஹமீது விற்க ஒன்றுமின்றிக் கழித்த காலம் அதனைவிடச் சில மாதங்களே மிகுதி.